மலைக்கு உங்க லீவு கணக்கு தெரியாது

கொல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு புது வியாதி வந்திருக்கிறது. பெயர் சந்தக்பூ. ஆபீஸில் பக்கத்து சீட்டு வங்காளி நண்பர் காலேஜ் நாளில் போய்வந்த கதையைச் சொல்லிச் சொல்லி, நம்மாட்களுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை நல்லதுதான். புரி, திகா என்று எத்தனை வருஷம் கடற்கரையிலேயே உட்கார்ந்திருப்பது? குடும்பத்தோடு சில நாள் மலைமுகட்டில் நடந்து, ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு ட்ரெக்கர்ஸ் ஹட்டில் தங்கி, காலையில் கஞ்சன்ஜங்காவைப் பார்த்தபடி டீ குடிப்பதற்கு யாருக்குத்தான் கசக்கும்?

எனக்கு எரிச்சல் வருவது திட்டம் போடும் லட்சணத்தைப் பார்த்துத்தான்.

வாட்ஸப் குழுவில் வரும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "எத்தனை நாள் லீவு சார் கிடைக்கும்?" இரண்டாவது, "பேக்கேஜ் எவ்வளவு?" மூன்றாவது, "வெஜ் கிடைக்குமா?" நாலாவது கேள்வியே கிடையாது. ஜி-பே பண்ணிவிட்டு ஜெர்க்கின் வாங்க நியூ மார்க்கெட் போய்விடுவார்கள். எந்த ராத்திரி எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. மலையில் அதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

டெல்லி, புனேயில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு பத்தி. சந்தக்பூ மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரம், 3,636 மீட்டர். சிங்கலிலா தேசியப் பூங்காவை ஒட்டி, இந்திய - நேபாள எல்லையிலேயே போகிற மலைமுகடு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் தொடங்கி, சித்ரே, மேக்மா, டும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி வழியாகப் பாதை. டும்லிங் நேபாளத்துக்குள் இருக்கிறது, அங்கே தூங்கி எழுந்து மறுபடி இந்தியாவுக்குள் நடந்து வரலாம். வழி நெடுக ஹட், லாட்ஜ், ஹோம்ஸ்டே. கூடாரம் தூக்க வேண்டாம், அடுப்பு தூக்க வேண்டாம். கட்டில், ரஜாய், சுடச்சுட தால்-பாத், வேண்டுமானால் துக்பா. வானம் சுத்தமாக இருந்தால் கஞ்சன்ஜங்கா, மகாலு, லோட்சே, எவரெஸ்ட் எல்லாம் ஒரே வரிசையில். ஏப்ரல் - மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூக்கும். அக்டோபர் - நவம்பரில் காட்சி தெளிவாக இருக்கும். ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை பூங்கா மூடியிருக்கும்.

இந்த ஹட்களால் என்ன லாபம் என்று கேட்டால், பெரும்பாலோர் "சுமை குறைவு" என்பார்கள். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நிற்கும் சுதந்திரம். குழந்தைக்குத் தலைவலியா, மாமனாருக்கு மூச்சு வாங்குகிறதா, மழையா? அதே ஹட்டில் இன்னொரு ராத்திரி இருந்துவிடலாம். இல்லை, நேற்றைய ஹட்டுக்கே இறங்கிவிடலாம். கூரையும் சோறும் இரண்டு இடத்திலும் இருக்கிறது. இருபது பேர் கூட்டத்தோடு, தேதி போட்டுக் கூடாரம் அடித்துப் போகும் பயணத்தில் இது நடக்காது. கூட்டம் உங்களுக்காக நிற்காது. ஹட் விட்டு ஹட் போகும் நடையின் உயிரே இதுதான். "சப்தமிக்குக் கிளம்பி தசமிக்குத் திரும்பிடலாம்" என்று திட்டம் போடுகிறவர், அந்த உயிரைத்தான் முதலில் எடுக்கிறார்.

போன பூஜைக்கு நடந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ராத்திரி சியால்டாவில் ரயில் ஏறி, காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கினார்கள். அங்கிருந்து வண்டி. மானேபஞ்சனில் ஜீப் மாறி, சாயங்காலம் சந்தக்பூ. "ஏறும்போது ஜீப், இறங்கும்போது நடை, ஃபேமிலிக்கு ஈஸி" என்று பேக்கேஜ்காரர் போட்டுக் கொடுத்த திட்டம். கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர்கூட இல்லாத சமவெளியிலிருந்து ஒரே பகலில் 3,600-க்கு! பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஏழு மணிக்குத் தலைவலி, ஒன்பது மணிக்கு வாந்தி. "வண்டியில வந்தது ஒத்துக்கலை" என்று ஆளுக்கொரு வைத்தியம். நடு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவள் நேராக நடக்க முடியாமல் சுவரைப் பிடித்திருக்கிறாள். லாட்ஜ் நடத்தும் நேபாளி அம்மாதான் பார்த்துவிட்டு, "இப்பவே கீழே கொண்டுபோங்க" என்று டிரைவரை எழுப்பி அனுப்பியிருக்கிறார். பனிமூட்டத்தில், அந்தப் பாதையில், ராத்திரியில் இறங்கினார்கள். மானேபஞ்சன் வந்து சேருவதற்குள் பெண் தெளிந்துவிட்டாள். தப்பித்தது அந்த அம்மாவின் புண்ணியம். அந்தத் திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

3,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் பழக ராத்திரிகள் வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை என்று தொடங்கும். முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும். அது ஆளைக் கொல்லும். வைல்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டியின் வழிகாட்டுதல் எளிமையானது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு எடு.

நம் ராணுவத்தைப் பாருங்கள். சமவெளியிலிருந்து வரும் ஜவானை 9,000 முதல் 12,000 அடி உயரத்துக்குப் பழக்க ஆறு நாள் ஒதுக்குகிறார்கள். தினமும் ஓடி, உடம்பை இரும்பாக வைத்திருக்கும் ஜவானுக்கு ஆறு நாள். சந்தக்பூ 11,900 அடிக்கு மேல். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் நாற்காலி தேய்க்கும் நமக்கு ஒரு பகல் போதுமாம்! சுற்றுலா போகிறவன் ராணுவக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆறுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு எண் இருக்க வேண்டாமா?

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"நான் வெள்ளியங்கிரியை ஒரே ராத்திரியில ஏறி இறங்கினவன் சார்." கும்பிடுகிறேன். ஏழு மலையும் சேர்ந்து 2,000 மீட்டரைத் தொடாது. அங்கே மேலே தூங்குவதும் இல்லை. முழங்கால் பலமும் உயரத்துக்குப் பழகுவதும் வேறு வேறு சமாச்சாரம். ஜிம் போகிற இளைஞன் படுத்துக்கிடக்க, அவன் அம்மா கம்பூன்றி நடந்து போவதை இந்தப் பாதையில் பார்க்கலாம். பலசாலிக்கு இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அவன்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்வான்.

"வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவங்க ஜீப்ல போறாங்க, என்ன ஆச்சு?" நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாஸ்தவம். யாருக்கு ஆகும் என்று கிளம்பும்போது யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சனை. உங்கள் பெண்ணை வைத்து அந்தச் சீட்டைக் குலுக்கிப் பார்க்க வேண்டுமா?

"டயமாக்ஸ் போட்டுக்கலாமே?" டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அது உடம்பு பழகுவதற்குக் கைகொடுக்கும். அவசரப்படுவதற்கு லைசென்ஸ் கிடையாது.

"அதெல்லாம் ஆர்கனைசர் பார்த்துக்குவார்." இதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் பதில். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், குழுவாக மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அங்கே தீ, இங்கே உயரம். காரணம் வேறுதான். ஆனால் எங்கே போகிறோம், ஏதாவது ஆனால் எந்த வழியாக இறங்குவோம் என்பது, போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுத்தால் சோறு சமைக்க ஆள் கிடைக்கும். நமக்காகக் கவலைப்பட ஆள் கிடைக்காது.

திட்டிக்கொண்டே போனால் போதுமா, திட்டம் எங்கே என்று கேட்பீர்கள். குழந்தைகளும் அறுபதைத் தொட்டவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது இது. தூரமும் உயரமும் ஏறக்குறையத்தான்.

முதல் நாள்: நியூ ஜல்பாய்குரியில் இறங்கி மானேபஞ்சன். சுமார் 2,000 மீட்டர். தூக்கம் அங்கேயே.

இரண்டாம் நாள்: சித்ரே, மேக்மா வழியாக டும்லிங். 11 - 13 கி.மீ. உயரம் சுமார் 2,900.

மூன்றாம் நாள்: எங்கும் போகாதீர்கள். பக்கத்தில் டோங்லு மேடு (3,070 மீட்டர்) வரை ஏறிப் பார்த்துவிட்டு டும்லிங்கிலேயே தூங்குங்கள். பேக்கேஜ்காரர்கள் வெட்டி எறியும் நாள் இதுதான். உங்கள் பயணத்தைக் காப்பாற்றும் நாளும் இதுதான்.

நாலாம் நாள்: கைரிபாஸுக்கு இறங்கி மறுபடி ஏறி, காலிபோக்ரி. சுமார் 13 கி.மீ., 3,186 மீட்டர்.

ஐந்தாம் நாள்: சந்தக்பூ. ஆறே கி.மீ.தான், ஆனால் செங்குத்து. பையப் பைய ஏறுங்கள்.

ஆறாம் நாள்: கையிருப்பு நாள். முன்னால் எங்கேயாவது நின்றிருந்தால் அங்கே செலவாகியிருக்கும். இல்லையென்றால் மேலே ஓய்வு.

ஏழாம் நாள்: குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறக்கம். முழங்காலுக்குத்தான் சோதனை, கம்பு அவசியம்.

எட்டாம் நாள்: ரிம்பிக் வழியாக வண்டியில் நியூ ஜல்பாய்குரி, ராத்திரி ரயில்.

ஃபாலுட் எங்கே என்கிறீர்களா? அதற்கு இன்னும் இரண்டு நாளாவது வேண்டும். சந்தக்பூவிலிருந்து 21 கி.மீ. ஒரே மூச்சில் நடக்க வேண்டும். லீவு இல்லையென்றால் ஃபாலுட்டை வெட்டுங்கள், ஓய்வு நாளை வெட்டாதீர்கள். எட்டு நாளே கிடைக்காது, நாலுதான் என்றால் டும்லிங், டோங்லுவோடு திரும்புங்கள். கஞ்சன்ஜங்கா அங்கிருந்தும் தெரியும். சிகரத்தைத் தொட்ட போட்டோ இருக்காது, அவ்வளவுதானே?

பூஜா வாரத்தில் ஹட்கள் நிரம்பி வழியும். முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு ராத்திரி கூடத் தங்க வேண்டிவந்தால் இடம் தருவார்களா என்றும் அப்போதே கேளுங்கள். இன்னொரு யோசனை: அந்த வாரத்தையே விட்டுவிட்டு நவம்பரில் போங்கள். வீட்டில் கொலு வைத்த புண்ணியமும் கிடைக்கும் :-) கைடு கட்டாயம். எல்லைக் காவல் எஸ்.எஸ்.பி. சோதனைச் சாவடிகளில் காட்ட எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை. கையில் ரொக்கம். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கிரைண்டரைத் தவிர எல்லாவற்றையும் மூட்டை கட்டாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து மூன்று விஷயத்தில் சத்தியம் வாங்குங்கள். ஒன்று, தலைவலி வந்தால் மறைக்கக்கூடாது. குழந்தைகள் திட்டு விழும் என்று மறைப்பார்கள், பெரியவர்கள் "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்று மறைப்பார்கள். இரண்டு, தலைவலியோ வாந்தியோ இருக்கும்போது ஒரு அடிகூட மேலே போவதில்லை. மூன்று, தடுமாறி நடந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் இறங்குவது. சந்தேகமாக இருந்தால் குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் விவாதம் வேண்டாம், இறக்கம்தான். முகட்டு மேல் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. டார்ஜிலிங்கிலும் சிலிகுரியிலும்தான். சந்தக்பூ வரை ஜீப் வருவது இந்த ஒரு காரியத்துக்கு வரப்பிரசாதம்.

ஊரைவிட்டு ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி வந்து பிழைக்கிறோம். இங்கே நடு ராத்திரியில் ஓடிவர சித்தப்பா இல்லை, மாமா இல்லை. நமக்கு நாமேதான். அப்படிப்பட்ட நாம், ஸ்கூல் அட்மிஷனுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே திட்டம் போடுகிறோம், தட்கல் டிக்கெட்டுக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறோம். அந்தக் கவனத்தில் கால்வாசியை, எந்த ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்ற கணக்கில் காட்டினால் போதும்.

லீவு போதவில்லையா? மேனேஜரிடம் சண்டை போடுங்கள். மலையிடம் போடாதீர்கள். மேனேஜராவது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.