பாறைக்கு அருகே குடியிருத்தல்

வீடு தேடுபவர் முதலில் கிணற்று நீரைப் பார்ப்பார். பின்னர் பாடசாலை, வைத்தியசாலை, பஸ் தரிப்பிடம், கோயில் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். நமது முன்னோர் குடியேறிய இடங்கள் பெரும்பாலும் நீரையும் நிலத்தையும் நம்பித் தெரிவு செய்யப்பட்டவை. கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேற்கு நாடுகளில் வேறொரு விதமான குடியேற்றம் நடைபெற்று வருகின்றது. செங்குத்துப் பாறைகளில் ஏறுவதைத் தமது வாழ்வின் பெருவிருப்பாகக் கொண்ட இளைஞரும் யுவதிகளும், நல்ல பாறை எங்கே உள்ளது என்று பார்த்து அதன் அருகே குடிபோகின்றனர். வேலையையும் வீட்டையும் பின்னரே தேடிக்கொள்கின்றனர்.

இதனைப் பித்து என்று ஒதுக்கிவிடுவது எளிது. பாறை ஏறும் வித்தையை நான் கற்றவனல்லன். ஊர்கள் எவ்வாறு தழைக்கின்றன, எவ்வாறு நலிகின்றன என்று பார்த்து எழுதுவதே என் தொழிலாக இருந்தது. அந்தக் கண்கொண்டு நோக்கும்போது இவர்களது விருப்பத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. இடத்தைத் தெரிவு செய்யும் முறையிலேதான் குறை காண்கிறேன். உலகின் மிகச் சிறந்த பாறை எங்கே என்று கேட்டுப் புறப்படுவோர், அந்த ஊரில் தாம் யாராக வாழப் போகிறோம் என்பதைக் கேட்கத் தவறிவிடுகின்றனர். சொந்தத் தொழிலில் ஊன்றி நிற்கும் ஊரொன்றின் அருகே உள்ள நடுத்தரமான பாறை, பாறையைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தின் அதியுன்னதமான பாறையிலும் மேலானது என்பதே என் கருத்து.

முதலில் யொசமிற்றியை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் உள்ள இந்தத் தேசியப் பூங்காவின் எல் கப்பித்தான் என்னும் கருங்கற் சுவர், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. பாறை ஏறுவோருக்கு இது ஒரு தலயாத்திரைத் தலம். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடாரமிட்ட ‘காம்ப் 4’ என்னும் இடம், 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டிலேயே சேர்க்கப்பட்டது. ஆயினும், அங்கே ஒருவர் ஆண்டொன்றுக்கு 30 இரவுகளுக்கு மேல் கூடாரமிட முடியாது. கோடைப் பருவத்தில் பள்ளத்தாக்கினுள் ஏழு இரவுகளே அனுமதி. பூங்காவைக் காப்பதற்கு இந்த விதி அவசியமானது. ஆனால், இதன் பொருள் என்ன? உலகின் தலைசிறந்த பாறையின் அடிவாரத்தில் எவரும் குடியிருக்க இயலாது. விருந்தினராக மட்டுமே இருக்கலாம். அந்த வரையறையை ஏற்க மனமின்றி வாகனத்தில் உறங்கி, இரவில் காவலரின் விளக்கொளிக்கு அஞ்சி ஆண்டுகளைக் கழித்தவர்கள் பலர்.

அதே மாநிலத்தில், மலைத்தொடரின் கீழ்ப்புறத்தில் பிஷப் என்றொரு சிறு நகரம் உண்டு. அதன் சனத்தொகை நாலாயிரத்துக்கும் குறைவு. நகரைச் சுற்றிலும் வீடளவு பருமனான உருண்டைப் பாறைகளும் ஆழமான மலையிடுக்குகளும் இருப்பதால், இது பாறை ஏறுவோரின் ஊராகவே பெயர் பெற்றுவிட்டது. இங்கே வீடு கிடைப்பது அரிது. காரணத்தைத் தேடினால் தண்ணீரின் வரலாற்றுக்கு வந்து சேர்வோம். இந்தப் பள்ளத்தாக்கின் நீரைத் தொலைதூரத்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுசென்ற பெருங்கால்வாய் 1913இல் திறக்கப்பட்டது. நீருரிமைக்காக லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பள்ளத்தாக்கின் நிலத்தையே வாங்கியது. இன்றும் தரை நிலத்தின் பெரும்பகுதி அந்த நகரின் நீர், மின்சாரத் திணைக்களத்துக்கே சொந்தம். எஞ்சிய நிலத்தில் மிகப் பெரும்பகுதி மத்திய அரசினுடையது. ஊர் விரிவதற்கு இடமில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவரும், அங்கேயே பிறந்து வளர்ந்த தாதியோடும் ஆசிரியரோடும் ஹோட்டல் ஊழியரோடும் அதே சில வீடுகளுக்காகப் போட்டியிட வேண்டியுள்ளது.

இனி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகருக்கு வருவோம். துருப்பிடிக்காத உருக்கு 1913இல் ஹரி பிரியர்லியின் ஆய்வுகூடத்தில் உருவானது இந்நகரில்தான். நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவில் ஸ்ரனேஜ் என்னும் பாறை விளிம்பு உள்ளது. சொரசொரப்பான மணற்கல்லால் ஆன இந்த விளிம்பு, சேற்று நிலத்தின் மேலாக ஐந்து கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குச் செல்கின்றது. உயரமோ மிஞ்சிப்போனால் 25 மீற்றர். எல் கப்பித்தானுக்கு முன்னால் இது ஒரு மதில்தான். எனினும், இந்த மதிலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏறு தடங்கள் பெயரிடப்பட்டுப் பதிவாகியுள்ளன.

1980களில் இந்நகரின் உருக்காலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். வீட்டு வாடகை வீழ்ந்தது. அந்த நாட்களில்தான் பாறை ஏறும் இளைஞர் கூட்டம் ஒன்று இங்கே வந்து குடியேறி, வேலையற்றோருக்கான அரச கொடுப்பனவில் காலம் தள்ளியபடி ஏறிப் பழகியது. ஜெரி மொபற், பென் மூன் முதலிய பெயர் பெற்ற வீரர்கள் இந்நகரிலிருந்து எழுந்தவர்கள். பென் மூன் 1990இல் அருகிலுள்ள ரேவன் ரோர் என்னும் சுண்ணாம்புக்கற் பாறையில் ஏறிய ‘ஹபிள்’ என்ற தடம், உலகில் அதுவரை எவரும் ஏறியிராத கடினம் கொண்டதாகக் கருதப்பட்டது. இந்த வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்த மலிவான வாடகை, வேலையிழந்த உருக்குத் தொழிலாளியின் துயரிலிருந்து வந்தது.

ஷெபீல்ட் எனது வாதத்துக்கு உதவுவது அதன் மலிவினால் அன்று. இரண்டு பல்கலைக்கழகங்கள், பெரிய வைத்தியசாலைகள், எஞ்சி நிற்கும் உலோகத் தொழில்கள் என்று பாறையோடு தொடர்பில்லாத பல கால்களில் அந்நகரம் நிற்கின்றது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊரில் சில ஆயிரம் பாறை ஏறுவோர் வந்து சேர்ந்தால் அது அவர்களை ஏற்றுக்கொள்ளும். பகலில் வைத்தியசாலையில் பணிபுரியும் ஒருவர், கோடைகாலத்து நீண்ட மாலைப்பொழுதில் ஸ்ரனேஜ் சென்று இரண்டு தடங்கள் ஏறிவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பலாம். சொந்த வாகனம் இல்லாதவர் ஹதர்சேஜ் வரை ரயிலில் சென்று நடக்கலாம்.

இங்கே உடலின் இயல்பையும் கவனிக்க வேண்டும். பாறை ஏறுபவரின் முழுப் பாரமும் பல வேளைகளில் சில விரல் நுனிகளில் தங்குகின்றது. தசைகள் சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். விரல்களின் தசைநாண்கள் பலம் பெறுவதற்கோ மாதங்களும் ஆண்டுகளும் தேவை. நாள்தோறும் ஏறுபவர் விரைவிலேயே காயப்பட்டு மாதக்கணக்கில் ஓய்ந்திருக்க நேரும். தேர்ந்தவர்களுக்கும் வாரத்தில் மூன்று நான்கு நாட்களே தகும். அப்படியாயின், எஞ்சிய நாட்களில் என்ன செய்வது? மழை நாட்களில் என்ன செய்வது? கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஒரு துணை வேண்டுமே, அந்தத் துணையை எங்கே தேடுவது? பாறையை மட்டும் நம்பிச் சென்றவரிடம் இவற்றுக்கு விடை இல்லை. ஒரு நகரத்திடம் உண்டு. ஷெபீல்டில் ‘பவுண்ட்ரி’ என்னும் உள்ளக ஏறு கூடம் 1991இல் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் பயிற்சிக்கு இடமும் ஏறுவதற்குத் துணையும் இத்தகைய கூடங்களிலேயே கிடைக்கின்றன.

அந்தப் பாறைகளுக்குப் போகும் உரிமையும் இலவசமாகக் கிடைத்ததன்று. அப்பிரதேசத்தின் மேட்டு நிலங்கள் ஒருகாலத்தில் செல்வந்தரின் வேட்டை நிலங்களாக வேலியிடப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24இல், மான்செஸ்ரர் பகுதித் தொழிலாள இளைஞர்கள் சில நூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் ஏறினர். ஷெபீல்டிலிருந்தும் ஒரு குழு சென்று அவர்களோடு இணைந்தது. பென்னி ரொத்மன் உள்ளிட்ட ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதலாவது தேசியப் பூங்காவாக அந்தப் பிரதேசமே அறிவிக்கப்பட்டது. வார இறுதியில் வந்துபோகும் விருந்தினர் இத்தகைய போராட்டத்தை நடத்துவதில்லை. மண்ணின் அருகே வாழ்ந்து, அங்கேயே உழைத்தவர்களே அதனை நடத்தினர்.

பாறைதான் ஊரை வாழ வைக்கின்றது என்ற மறுவாதமும் உண்டு. அதற்குக் கிரேக்கத்தின் கலிம்னொஸ் தீவு நல்ல சான்று. அத்தீவின் ஆண்கள் காலங்காலமாகக் கடற்பஞ்சு குளித்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் சுழியோடிகளின் கவச உடை வந்தபின் அவர்கள் மேலும் ஆழத்துக்குச் சென்றனர்; அழுத்த மாற்றத்தால் பலர் மாண்டனர், பலர் முடமாயினர். 1986இல் மத்தியதரைக் கடலின் பஞ்சுகளை நோய் தாக்கியபோது, ஏற்கெனவே நலிந்திருந்த தொழில் மேலும் சிதைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அன்ட்ரேயா டி பாரி என்ற இத்தாலியர் அத்தீவின் சுண்ணாம்புக்கற் பாறைகளைக் கண்டு முதல் தடங்களை அமைத்தார். இன்று அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட தடங்கள் உள்ளன. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் உலகெங்குமிருந்து ஆட்கள் வருகின்றனர். அது நல்ல செய்தியே. ஆனால், அந்த வரவினால் உள்ளூர்க் குடும்பத்தின் கையில் பணம் சேர்கிறதா, அல்லது அக்குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீடு எட்டாப் பொருளாகிறதா என்பதே கேள்வி. ஒரே தொழிலை நம்பிய துயரத்தைக் கடற்பஞ்சு அவர்களுக்கு ஒருமுறை கற்பித்துவிட்டது. பாறையும் ஒரே தொழிலாகிவிடலாகாது.

எவ்வாறு குடியேற வேண்டும் என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்வைச் சுட்டலாம். மான்செஸ்ரரின் ஏழ்மையான பகுதியொன்றில் 1930இல் பிறந்த ஜோ பிரவுண், நீர்க்குழாய் பொருத்தும் தொழிலாளி. ஊருக்கு அருகிலிருந்த மணற்கல் விளிம்புகளில் ஏறிப் பழகிய அவர், 1955இல் ஜோர்ஜ் பாண்டுடன் இணைந்து, உலகின் மூன்றாவது உயரமான மலையாகிய கஞ்சன்ஜங்காவின் மீது முதன்முதலாக ஏறினார். சிறு விளிம்புகளே அத்தனை உயரத்துக்கு அவரை ஆயத்தப்படுத்தின. 1960களில் வேல்ஸ் நாட்டின் லன்பெரிஸ் என்னும் கற்சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தார். வெறுங்கையோடு பாறையைப் பார்த்தபடி அவர் அங்கே இருக்கவில்லை. மலையேற்றக் கருவிகளுக்கான கடையொன்றைத் திறந்தார். 1969இல் அவ்வூரின் பெரும் பலகைக்கற் சுரங்கம் மூடப்பட்டபோதும் அவர் அங்கேயே இருந்தார். 2020 ஏப்ரலில், தமது 89ஆவது வயதில், அங்கேயே கண்மூடினார்.

லன்பெரிஸ் அமைந்துள்ள குவினெத் பிரதேசத்தில் வேல்ஸ் மொழி இன்னமும் வீட்டு மொழியாக வாழ்கின்றது. விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் பெருகியதால், உள்ளூர் இளைஞர் தாம் பிறந்த ஊரில் வீடு வாங்க முடியாத நிலை உருவானது. அதனால், அங்குள்ள உள்ளூராட்சி மன்றம் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு வழமையான வரியோடு 150 வீத மேலதிக வரியையும் விதித்தது. மொழியொன்று வீடுகளோடு சேர்ந்து காலியாவதன் பொருளை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பாறையைத் தேடிப் புறப்படும் இளையோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வரைபடத்தில் பாறையைக் குறித்த பின், அந்த ஊரின் வேலைவாய்ப்பையும் வாடகையையும் பாருங்கள். அங்கே ஆண்டு முழுவதும் வாழ்பவர் யார், அவர்கள் பேசும் மொழி எது, பாறை நிற்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்று விசாரியுங்கள். வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டும் பாறைப்பகுதியை விலக்கி வைக்க உங்களால் இயலுமா என்று உங்களையே கேளுங்கள். 1955இல் ஜோ பிரவுணும் பாண்டும் கஞ்சன்ஜங்காவின் உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். அந்த மலையைப் புனிதமாகக் கருதும் சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்கே அதற்குக் காரணம். எட்டாயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு மேல், பார்ப்பதற்கு எவருமில்லாத இடத்திலும் அந்த வாக்கு காக்கப்பட்டது. பிறருடைய ஊரில் குடியேறுபவரிடம் எதிர்பார்க்கப்படுவதும் அந்த அளவு மரியாதைதான்.