மூடிய சாலையின் கணக்கு

சரக்கு லாரிகள் ஒரு நெடுஞ்சாலையில் எத்துணைச் செவ்வையாகச் செல்கின்றன என்பதை அளந்தறிய, அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் மத்திய சர்க்கார் 2017ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தனர். சாலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டைக் கடக்க லாரிகளுக்குச் சென்ற நேரங்களைக் குறைந்தது முதல் மிகுந்தது வரை நிரல்படுத்துவர். நூற்றில் 95ஆம் இடத்து நேரத்தை நடு இடத்து நேரத்தால் வகுப்பர். வழக்கமாக 20 நிமிஷத்திற் கடக்கும் துண்டு இடர்வேளையில் 30 நிமிஷம் கொள்ளுமாயின், விடை 1.5. விடை ஒன்றை நெருங்க நெருங்கச் சாலை நம்பத்தக்கதாம். சராசரி வேகத்தைக் கண்டு மகிழ்வதினும் இது மேலான முறையே. வணிகன் வேண்டுவது சொன்ன வேளைக்குச் சரக்கு வந்து சேர்தலன்றோ!

ஆயினும், நகர நெரிசலை நன்கு காட்டும் இவ்வளவுகோல் நாட்டுப்புற நெடுவழிக்குப் போதுமோ? வயோமிங் மாகாணத்தை ஊடறுத்து ஏறக்குறைய 400 மைல் செல்லும் 80ஆம் எண் பெருஞ்சாலையை நோக்குவோம். அதில் 1970இல் திறக்கப்பெற்ற, எல்க் மலையை அடுத்துள்ள பகுதிக்கு நெரிசல் பகையன்று. காற்றும் பனியுமே பகை. புயல் வீசுங்கால் சாலை அடைக்கப்படும். லாரமியிலும் ராலின்ஸிலும் லாரிகள் நிரைநிரையாய்க் காத்து நிற்கும்.

மூடிய நேரத்தைக் கணக்கிற் சேர்க்க வேண்டுவதில்லை என்று அவ்விதியே இடந்தருகின்றது! வெள்ளத்தில் ஓடம் விடாத நாட்களை நீக்கிவிட்டு, ‘எம் ஓடம் என்றும் தாமதித்ததில்லை’ என்று துறைக்காரன் சொல்வதை ஒக்கும் இது. காத்திருக்கும் சாரதியின் நிலையோ வேறு. அந்நாட்டுச் சட்டப்படி, பணி தொடங்கிய 14 மணிக்குள் 11 மணி நேரமே அவன் வண்டியோட்டலாம். பொதுவாக நின்ற நேரமும் அப்பதினான்கிற் கழியும்.

இதனினும் கேடு ஒன்றுண்டு. புயல் தணிந்தவுடன் சாலையைத் திறந்து, லாரிகளை மெல்லச் செல்லவிடும் அதிகாரிகளின் எண் கெடக்கூடும். மூடியே வைப்போரின் எண் கெடாது. பனிவேலி நாட்டி மூடும் நேரத்தைக் குறைத்தாலும், அந்நேரக் குறைவு எண்ணில் தோன்றாது. மாகாணங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளன்றி மற்றைச் சிறு சாலைகள் இவ்வளவையில் அடங்காமையும் ஒரு குறையே.

ஆதலின், அவ்வெண்ணோடு ஒவ்வொரு துண்டும் ஆண்டில் எத்தனை மணி மூடிக்கிடந்தது, எத்தனை லாரிகள் நின்றன, மாற்றுவழி எத்தனை மைல் என்பவற்றையும் தனித்தனியே வெளியிடல் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். நின்ற லாரிகளை எண்ணுதல் சற்றுக் கடினமாகலாம். மூடிய மணிகளைக் கூட்டுதல் கடினமன்று.