இளைச்சுட்டாரே... புது ரோலா?

உங்க ஹீரோ தாடியோட ஏர்போர்ட்ல இறங்கினா போதும், 'எந்தப் படத்துக்கு இந்த கெட்டப்?'னு ஸ்டோரி போட்டுடுறீங்கள்ல? கெட்டப்பைப் பார்த்து மிரள்றது நமக்குப் புதுசு இல்ல. முத்தியால்பேட்டைக்குப் பக்கத்துல, கருவடிக்குப்பத்துலதான் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கு. 1922-ல் புதுச்சேரியில் மறைந்த நாடக ஆசான். எமன், சனீஸ்வரன்னு மேடையில மிரட்டியவர். விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷம் கலைக்கப் போனவரைப் பார்த்து ஒரு பெண் பயந்து அதிர்ந்துபோனதாகவும், அதோடு அவர் நடிப்பையே விட்டதாகவும் சொல்வார்கள்.

அது அரிதாரம், கழுவினா போயிடும். இப்போ கெட்டப் உடம்புலயே ஏறுது. 'ஐ' படத்துக்காக விக்ரம் இளைச்சதைப் பார்த்தவங்க நாம. அதனால யார் மெலிஞ்சாலும் 'புது ரோலா?'ன்னுதான் தோணுது. விக், மீசைன்னா தாராளமா பந்தயம் கட்டுங்க. உடம்பு விஷயத்துல கொஞ்சம் பொறுக்கலாம்.

'பிளாக் பாந்தர்' சாட்விக் போஸ்மேன் 2020 ஏப்ரலில் ஒட்டிய கன்னத்தோட ஒரு வீடியோ போட்டார். ரோலுக்காகவா, நோயான்னு அலசினாங்க. சிலர் கிண்டலும் பண்ணாங்க. அவருக்கு 2016-லேயே பெருங்குடல் புற்றுநோய்னு தெரியும். வெளியே சொல்லல. அதே வருஷம் ஆகஸ்ட்ல இறந்துட்டார். வயசு 43.