கோடைக்காலக் கூட்டப்படம் எதற்குச் சான்று?

மார்ச் மாதம் பிறந்ததும் கல்விப்புல நண்பர்களின் பக்கங்களில் ஒரே வகை ஒளிப்படங்கள் நிரம்பத் தொடங்குகின்றன. வற்றிவரும் நீர்நிலையின் விளிம்பில் யானைகளும் காட்டுமாடுகளும் மான்களும் திரண்டு நிற்கும் படங்கள் அவை. நம் காடுகள் செழித்திருக்கின்றன என்று பொருள்பட ஒரு வரியும் உடனிருக்கும். ஒளிப்பட ஆர்வலர் அவ்வாறு எழுதுவதில் வியப்பில்லை. ஆனால் இதே படங்கள் ஆய்வேடுகளின் முன்னுரையிலும் கருத்தரங்கக் காட்சிவில்லைகளிலும் ‘விலங்கு வளம்’ என்ற தலைப்பின்கீழ் இடம்பெறும்போது, அவற்றைச் சான்றாக ஏற்கலாமா என்று கேட்பது நம் கடமையாகிறது. ஏற்கலாகாது என்பதே என் நிலைப்பாடு. நீரும் பசும்புல்லும் அந்நாளில் எத்துணைச் சில இடங்களில் ஒடுங்கிவிட்டன என்பதையே அப்படம் முதன்மையாகக் காட்டுகிறது. காட்டில் எத்தனை விலங்குகள் வாழ்கின்றன என்பதை அது சொல்வதில்லை.

இந்தியாவில் இத்தகைய படங்களுக்கு மிகவும் பெயர்பெற்ற இடம் கபினி. நாகரஹொளேக்கும் பந்திப்பூருக்கும் இடையே 1974இல் அமைந்த அணையின் நீர்ப்பரப்பு, கோடையில் பின்வாங்குகிறது. வெளிப்பட்ட ஏரிப்படுகையில் புல் தளிர்க்கிறது. சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும் வேளையில் யானைகள் அங்கு வந்து சேர்கின்றன. பருவமழை வந்ததும் பிரிந்து போகின்றன. ஏப்ரலில் எடுத்த படத்தையும் ஆகஸ்டில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், இடைப்பட்ட மாதங்களில் யானைகள் அழிந்துவிட்டன என்றுகூட ஒருவர் முடிவுகட்டலாம். எண்ணிக்கை மாறவில்லை, பரவல் மாறியிருக்கிறது. இயற்கையின் பெருவிழா என்று நாம் போற்றும் அக்காட்சியே ஓர் அணைக்கட்டின் விளைவு என்பதும் நினைவில் இருக்கவேண்டும்.

அங்கு 2009 முதல் யானைகளைத் தனித்தனியே அடையாளங்கண்டு ஆராய்ந்துவரும் டி.என்.சி. வித்யாவின் குழு, படம் மறைக்கும் மற்றோர் உண்மையையும் காட்டியுள்ளது. அப்புல்வெளியில் நிற்கும் பெண் யானைகள் அனைத்தும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. வெவ்வேறு குலங்களுக்கிடையிலான மோதல்கள், பக்கத்துக் காட்டைவிடப் புல்வெளியில்தான் மிகுதி. நம் கண்ணுக்கு ஒற்றுமையாகத் தோன்றும் கூட்டத்தினுள் உணவுக்கான போட்டி நடைபெறுகிறது. அக்குழுவினர் பயன்படுத்தியதும் ஒளிப்படங்களைத்தான் என்பது கவனிக்கத்தக்கது. காதின் கிழிசல், வாலின் முடி, தந்தத்தின் வளைவு ஆகியவற்றைப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டதனால் அப்படங்கள் தரவுகளாயின. ஆகவே என் எதிர்ப்பு ஒளிப்படக்கலைக்கு எதிரானதன்று.

நீர்நிலையில் கண்டதை எண்ணிக்கையாகக் கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மத்திய இந்தியக் காடுகளில் புத்த பூர்ணிமை இரவில் பரண்மீது அமர்ந்து, நீர் அருந்த வரும் விலங்குகளை எண்ணும் மரபு நெடுங்காலம் இருந்துவந்தது. ஒரே விலங்கு இருமுறை வரலாம். வேறோர் ஊற்றில் அருந்திய விலங்கு வராமலே போகலாம். சிங்காரா போன்ற விலங்குகள் நாள்தோறும் நீர் தேடி வருவதில்லை. காணாமல் விடுபட்டவை எத்தனை என்பதை மதிப்பிட வழியில்லாத எண்ணிக்கை நம்பத்தக்கதன்று. புலியின் காலடித்தடங்களைக் கொண்டு கணக்கிட்ட முறையிலும் இக்குறையே இருந்தது. சரிஸ்காவில் ஒரு புலியும் எஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியானபோது, அதற்குச் சற்று முன்புவரை ஏடுகளில் அங்குப் புலிகள் இருந்தன. 1990களில் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களோடு புள்ளியியல் முறையை இணைத்தது இக்குறையைக் களையும் பொருட்டே.

இது வெறும் முறையியல் வாதம் என்று கருதவேண்டாம். கூட்டப்படம் வளத்தின் அடையாளமாகிவிட்டால், மேலும் நீர்நிலைகளை உண்டாக்குவதே பாதுகாப்பு என்ற எண்ணம் வலுப்பெறும். சஃபாரிப் பாதையை ஒட்டித் தொட்டிகளைக் கட்டி, சூரியவிசை மோட்டாரால் நிரப்பினால் கோடை முழுவதும் படம் கிடைக்கும். பார்வையாளர் மனம் நிறையும். காட்டுக்கு நேர்வது என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா ஒரு பாடம். அங்கு அமைக்கப்பட்ட ஆழ்துளை நீர்நிலைகளை நாடி, வறண்ட வடபகுதிக்குள் வரிக்குதிரைகள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. அரிய ரோன் மறிமான்களின் எண்ணிக்கை 1986க்கும் 1993க்கும் இடையே ஏறத்தாழ 450இலிருந்து 45ஆகச் சரிந்தது. வறட்சியும் ஒரு காரணமாயினும், செயற்கை நீரின் பங்கை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பின்னர்ப் பூங்கா நிருவாகமே பல நீர்நிலைகளை மூடியது. குரூகரின் முடிவை இலையுதிர் காடுகளான தடோபாவுக்கோ ரந்தம்போருக்கோ அப்படியே பொருத்த இயலாது. எனினும் நீர் ஓரிடத்தில் நிலைத்தால் மேய்ச்சலும் வேட்டையும் அங்கே குவியும் என்னும் அடிப்படை இங்கும் பொருந்தும்.

‘வறட்சியில் விலங்குகள் தாகத்தால் மடியட்டும் என்கிறீர்களா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான வினா. கால்வாய், நெடுஞ்சாலை, வேலி ஆகியவற்றால் ஆற்றுக்குச் செல்லும் வழியை நாமே அடைத்துவிட்ட இடங்களில், மாற்று நீர் தருவது நம் பொறுப்பு. ஆனால் எங்கே, எத்தனை, எந்த மாதங்களில் என்பதை வாழிடத்தின் தேவை தீர்மானிக்க வேண்டும். ஜீப்பிலிருந்து தெரிகிறதா என்பது அளவுகோலாகக் கூடாது. மக்களின் அன்பை இப்படங்கள் காட்டின்பால் ஈர்க்கின்றன என்பதும் உண்மையே. அந்த அன்பு தவறான புரிதலின்மேல் எழும்பினால், மழைக்காலத்தில் விலங்குகள் கலைந்து செல்லும் காட்டுவழிகளைக் காக்க யாரும் குரல்கொடுக்கமாட்டார்கள். படத்தில் வராத நிலம் தேவையற்ற நிலமாகத் தோன்றும்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீர்நிலைக் கூட்டப்படம் ஒன்றை வகுப்பிலோ ஆய்வேட்டிலோ பயன்படுத்தும்போது, நான்கு செய்திகளை அதனடியில் எழுதுங்கள்: எடுத்த நாள், நீர் இயற்கையானதா நிரப்பப்பட்டதா, பாதையிலிருந்து அதன் தொலைவு, அதே இடம் மழைக்காலத்தில் எவ்வாறிருக்கும். மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அவருடைய களக்குறிப்புகளோடு சேர்ந்தே நம்மிடம் வந்தன. அதனால்தான் அவை இன்றும் இயற்கை வரலாறாக நிற்கின்றன. நெறியாளர்களும் தேர்வாளர்களும் இந்நான்கு செய்திகளைக் கேட்டுப் பெறும் வழக்கத்தை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். மாற்றுக்கருத்து உடையோர் களத்தரவுகளோடு எழுதுக, விவாதிக்க ஆவலாயிருக்கிறேன்.