கேளிக்கையை ஒதுக்கிவிட முடியாது
மார்க்சிய வரலாற்றறிஞர் எரிக் ஹாப்ஸ்பாமுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. லண்டனிலிருந்து வெளிவரும் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வார இதழில், ‘பிரான்சிஸ் நியூட்டன்’ என்ற புனைபெயரில் அவர் ஜாஸ் இசை விமர்சனங்கள் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின டிரம்பெட் கலைஞரும் இடதுசாரியுமான பிராங்கி நியூட்டனின் நினைவாகச் சூடிக்கொண்ட பெயர் அது. 1959இல் அதே பெயரில் ‘தி ஜாஸ் சீன்’ நூல் வெளிவந்தது.

இசையின் இனிமையோடு அந்நூல் நின்றுவிடவில்லை. இசை வணிகத்தையும் தனியே ஆராய்ந்தது. இசையைப் படைப்பவர் யார், அதை விற்று ஆதாயம் அடைபவர் யார், கேட்பவர் யார் என்பவையே அதன் கேள்விகள். ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே பிறந்த இசை, இசைத்தட்டு நிறுவனங்களின் கையில் சரக்காக மாறியது. ஆயினும் அதன் எதிர்ப்புக் குரல் அடங்கவில்லை.

இதற்கு 1939ஆம் ஆண்டே சான்று. கறுப்பின மக்களைக் கும்பல் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமையைக் கண்டித்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலைப் பதிவுசெய்ய, பில்லி ஹாலிடேயின் நிறுவனமான கொலம்பியா முன்வரவில்லை. கமடோர் என்ற சிறு நிறுவனமே அதை வெளியிட்டது. அப்பதிவில் டிரம்பெட் வாசித்தவர் அதே பிராங்கி நியூட்டன்.

கேளிக்கை உலகை அற்பமென்று ஒதுக்குவது, உழைக்கும் மக்களின் ஓய்வு நேரத்தை முதலாளிகளிடம் ஒப்படைப்பதாகும். மக்கள் எதைப் பாடுகிறார்கள், ஏன் பாடுகிறார்கள் என்று அறிவதும் இயக்கப் பணியே.