இனிப்பு நீர் தலைவிதியல்ல



இனிப்பு நீர் பணக்காரருக்கு வரும் வியாதி என்கிறார்கள் சிலர். சீனியை அள்ளித் தின்றவனுக்குத்தான் வரும் என்கிறார்கள் வேறு சிலர். தலையில் எழுதியிருந்தால் வந்தே தீரும் என்கிறார்கள் இன்னும் சிலர். மூன்றும் முழு உண்மையல்ல. இவற்றை நம்பிக் கைகட்டி நின்றால் நஷ்டம் நமக்கே.

கணக்கைப் பாருங்கள். 2019 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்! நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. 2023 ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6க்கு இறங்கியது. அதற்காக நாம் நிம்மதியாக உறங்கிவிட முடியாது.

நோய் எப்படி உண்டாகிறது? நாம் உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்படி செய்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்துவிட்டால் இன்சுலினின் சொல் எடுபடுவதில்லை. கணையம் இரட்டை வேலை செய்கிறது. பல ஆண்டு அப்படி உழைத்து அது ஓய்ந்த பிறகு, சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இதில் வம்சத்துக்குப் பங்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். இந்தியர் உடலுக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்தாலே போதும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டரும், பெண்ணுக்கு 80 செண்டிமீட்டரும் ஆகிவிட்டால் அபாயம்தான். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சர்க்கரை ஏறிய பெண்களும், புகை பிடிப்பவர்களும், சரியான தூக்கமில்லாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் வம்சம் மட்டுமே காரணம் என்றால் தடுக்கவே முடியாதல்லவா? நோயின் வாசலில் நின்றவர்களை உணவிலும் நடையிலும் திருத்திப் பார்த்ததில், 100க்கு 58 பங்கு அபாயம் குறைந்தது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2002இல் காட்டியது. சென்னை டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் இந்தியரிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் 28.5 பங்கு குறைந்தது. தலைவிதி இப்படிக் குறையுமா?

வறுமைக்கும் இதில் பங்கு உண்டு. தாய் அரைவயிறு உண்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும். பஞ்சத்துக்குப் பழகிய அந்த உடல், பின்னாளில் தாராளமான சாப்பாட்டைத் தாங்காது என்று ஹேல்ஸ், பார்க்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் 1992இல் எடுத்துரைத்தனர். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த பாட்டிமாரின் வழி வந்தவர்கள் நாம். இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இன்றைய நிலை என்ன? பால் வெட்டும் தோழர் விடியுமுன் நிரையில் இறங்கி நடக்கிறார். அவரே தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் காவல் வேலைக்குப் போனால் இரவெல்லாம் உட்காருகிறார். எங்களைப் போன்ற கிராணிமார் மேசையை விட்டு எழுவதே அபூர்வம். வேலை மாறியும் சோற்றின் அளவு மாறவில்லை. மீனுக்கும் காய்கறிக்கும் காசு போதாதபோது வெள்ளைச் சோற்றாலும், டின் பால் ஊற்றிய தேநீராலும் வயிற்றை நிரப்புகிறோம். இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி போட்டது. ஆனால் ஒட்டுக்கடைக் கிளாசுக்கு நாமேதான் வரம்பு போட வேண்டும்.

மரம் வெட்டுகிறவனுக்குக் கால்தான் மூலதனம். இனிப்பு நீர் முற்றினால் பாதம் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் அழுகிய பிறகே தெரியும். கால் போனால் பிழைப்பும் போயிற்று!

ஆகவே இது சங்கம் பேச வேண்டிய பிரச்சினை. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அன்றைய கூலி போகிறதே, அதை யார் கொடுப்பது? பரிசோதனை நாளுக்குச் சம்பளம் கேட்போம். தோட்டத்தில் குடியிருப்போருக்குப் பயிரிட நிலம் ஒதுக்குவது பற்றி 1990 ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டம் பேசுகிறது. அந்த நிலத்தைக் கேட்டு வாங்கிக் கீரையும் காயும் போடுவோம்.

வாயைக் கட்டுவது நம் பொறுப்பு. சம்பளத்தோடு பரிசோதனை நாளும் பயிரிட நிலமும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. முன்னதை இன்றே தொடங்குவோம். பின்னதை ஒன்றுபட்டுக் கேட்போம்.