போட்ட 20 ரூபா

போன மாதம் நாங்கள் ரெண்டு பேர் சாப்பாட்டுக் காசைச் சேர்த்து, விடுதியில ஒரே கையாப் போக்கர் விளையாடினம். பிறகு ஒரு கிழமை பணிஸும் பிளேன்ரீயும்தான். எங்களைக் கவிழ்த்தது மோசமான சீட்டில்லை, அரைகுறை நல்ல சீட்டு.

மேசையில எட்டுக் கை. எங்கட இடம் பிக் பிளைண்ட். சீட்டுப் பார்க்க முதலே 20 ரூபா போட்டாச்சு. வந்தது கிங்கும் பத்தும், வேற வேற சாதி. முதல் பேசினவன் 60 ஆக ஏத்தினான். மற்றவை விட்டிட்டினம். "20 போட்டாச்சே" எண்டு இன்னும் 40 போட்டம்.

ஸ்மோல் பிளைண்டின்ர 10 உம் சேர்த்து நடுவில 90 கிடந்தது. 40 போட்டு 130ஐ வெல்ல, சுமார் 31 சதவீத வாய்ப்பே போதும். கணக்கு ஆசை காட்டும். ஆனால் இன்னும் ஏழு பேர் பேச இருக்கேக்க ஏத்துறவனிட்ட பெரும்பாலும் நல்ல சீட்டுத்தான் இருக்கும். அதோட, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் முதலில பேச வேண்டியது நாங்கள். அவன் எங்களைப் பார்த்திட்டு முடிவெடுப்பான். கிங் விழுந்தது, விடாமப் போட்டம். அவனிட்ட ஏஸும் கிங்கும்.

பட்டனில இருக்கிறவன் ஏத்தியிருந்தால் இதே சீட்டோட போயிருக்கலாம். இங்க விட்டிருக்க வேணும். போட்ட 20 எங்கட காசில்லை, மேசையின்ர காசு. அதை மீட்கப் போறதைத் துணிவு எண்டு சொல்ல ஏலாது.